காலஞ்சென்ற பண்டாரி ஊர் சுற்றிப் பார்த்தது

ஜனவரி 2, வியாழன். வால்விஸ் பே, நமீபியா

புத்தாண்டுக்குக் கம்பெனி எல்லோருக்கும் ஒரு டைரி கொடுத்திருக்கிறது. போனஸ் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தோம். அட்டையில் பாய்மரக் கப்பல் படம். எங்கள் கப்பலைவிட அது வேகமாகப் போகும் போலிருக்கிறது. எங்கள் இன்ஜினில் டர்போசார்ஜர் என்று ஒரு உறுப்பு உண்டு. அது உடைந்துபோய், கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்தே இந்தத் துறைமுகத்தில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். மாற்றுச் சாமான் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும். ஜெர்மன்காரன் நேரம் தவறமாட்டான் என்று சீஃப் இன்ஜினியர் தினமும் காலைச் சாப்பாட்டின்போது சொல்கிறார். நானும் தினமும் அவருக்கு முட்டை பொரித்துப் போடுகிறேன்.

நான் இந்தக் கப்பலின் பண்டாரி, அதாவது சமையல்காரன். பேப்பரில் சீஃப் குக். எனக்குக் கீழே யாரும் இல்லாததால் யாருக்குச் சீஃப் என்று இதுவரை தெரியவில்லை. தமிழ் பேச இருக்கும் ஒரே ஆள் போசன் நெய்னா, கீழக்கரைக்காரன். மேல்தளத்து வேலைகளுக்கெல்லாம் அவன்தான் மேஸ்திரி. “சும்மா கெடக்கிறதுக்கு ஊரையாச்சும் சுத்திப் பாப்போம்ண்ணே” என்று இன்று என்னை இறக்கிக்கொண்டு போனான்.

ஊர் பார்த்தாயிற்று. ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், மறுபக்கம் நமீப் பாலைவனம். நடுவில் யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டு, இதுதான் ஊர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தெருக்கள் நேராகப் போய் மணலில் முடிகின்றன. ஆப்பிரிக்காதானே, வெயில் கொளுத்தும் என்று அரைக்கைச் சட்டையில் போனேன். காலை முழுக்க மூடுபனி. ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பினேன். மீன்மாவுத் தொழிற்சாலையின் வாடை மட்டும் தூத்துக்குடியை ஞாபகப்படுத்தியது. அந்த அளவுக்காவது வரவேற்பு கிடைத்ததே.

வீட்டில் இருபத்திரண்டாம் தேதி ஒரு விசேஷம். மகள் வினோலியாவுக்குக் கல்யாணம். கப்பல் இப்படி நடுவழியில் படுத்துக்கொண்டால் பெற்றவனால் என்ன செய்ய முடியும். என் மனைவி ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு அதைத்தான் சொன்னேன். அவள் “ம்” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுவரும் “ம்”தான். இன்னும் அர்த்தம் பிடிபடவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

கேப்டன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். வேண்டாம் என்றேன். மறுபடி யோசி என்றார். யோசித்துவிட்டு வேண்டாம் என்றேன். மதியம் கோழிக் குழம்பு. பிலிப்பைன்ஸ் பையன்கள் அதில் வினிகர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஜனவரி 5, ஞாயிறு

மாலுமிகள் இல்லத்தின் வாசலில் செல்மா என்று ஒரு பெண் டாக்சி வைத்திருக்கிறாள். ஐம்பது வயதிருக்கும். கப்பல்காரர்களை ஏற்றி இறக்கியே பாதி உலகத்தின் கெட்ட வார்த்தைகளைக் கற்றுவைத்திருக்கிறாள். தமிழ் மட்டும் பாக்கி என்றாள். நெய்னா அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தான், நான் தடுத்தேன்.

ஊருக்குத் தெற்கே பெரிய காயல் இருக்கிறது. பணக்காரர் வீடுகள், வரிசையாகப் பனைபோல ஏதோ மரங்கள், அதற்கு முன்னால் தண்ணீர், தண்ணீர் முழுக்கப் பூநாரை. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ இதைப் பார்க்க வருகிறார்கள் என்றாள் செல்மா. வரட்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் உப்பளத்தில் இதே பறவை இதே ஒற்றைக் காலில் நிற்கும். விடுமுறையில் போகும்போதெல்லாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பிப் படுத்திருக்கிறேன். அதைப் பார்க்க இரண்டு சமுத்திரம் தாண்டி வாடகைக் கார் பிடித்து வந்திருக்கிறேன். தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, காலால் சேற்றை மிதித்து மிதித்து ஒரே இடத்தில் வட்டம் போடுகின்றன. ரொம்ப சுறுசுறுப்பு. எங்கள் கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்க்கலாம்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பனி விலகி, எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பியபோது இறக்கையின் உள்பக்கம் இவ்வளவு சிவப்பு என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நின்று பார்த்தேன்.

இன்று ஊரில் முதல் ஓலை. எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகன் இன்னார், இன்னாருடைய மகள் இன்னாரை மணக்க இருக்கிறார், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. எனக்கு ஒரு தடை தெரியும். ஆனால் நான்தான் இங்கே பூநாரை பார்த்துக்கொண்டிருக்கிறேனே.

காயல் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன்.

“ஓலை வாசிச்சாவளா?”

“வாசிச்சாவ.”

“ஒழுங்கா வாசிச்சாவளா?”

“எல்லாம் ஒழுங்குதான். உங்க பேருக்கு முன்னால மட்டும் காலஞ்சென்றன்னு சேத்து வாசிச்சிட்டாவ.”

முதலில் எனக்கு விளங்கவில்லை. காலஞ்சென்ற பெர்க்மான்ஸ் மச்சாது, திருமதி ஜெசிந்தா ஆகியோரின் மகள் வினோலியா. அப்படித்தான் வாசித்தார்களாம். ஒலிபெருக்கியில். சபை நிறையப் பேர் இருந்தார்களாம்.

“நீ எந்திச்சுச் சொல்ல வேண்டியதுதான?”

“பூசை நேரத்துலயா? முன்னால இருந்தவுக எல்லாம் என்னையத் திரும்பிப் பாத்து, பாவம்னு தலையாட்டுதாவ. எனக்குச் சிரிப்பு வந்திட்டு. முந்தானைய வச்சு மூஞ்சிய மூடிக்கிட்டேன். அழுதேன்னு நெனச்சிட்டாவ.”

விஷயம் இதுதான். நாங்கள் புது வீடு கட்டிப் புதுப் பங்குக்கு, அதாவது வேறொரு கோயிலின் எல்லைக்கு, வந்தபின் நான் அந்தக் கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. விடுமுறை வரும், ஞாயிற்றுக்கிழமையும் வரும், நான் தூங்குவேன். சாமியாருக்கு ஓலை எழுதிக் கொடுக்கும் உபதேசியார் புது ஆள். ஒரு அம்மாள் வாரம் தவறாமல் தனியாக வருகிறாள், வெளிர் நிறத்தில்தான் சேலை கட்டுகிறாள், ஒரே மகள். அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். புத்தியுள்ள மனிதர்.

அவர் மட்டுமில்லை. போன கிறிஸ்துமஸுக்குக் கைம்பெண்கள் சங்கத்திலிருந்து இவளுக்கு ஒரு சேலை கொடுத்திருக்கிறார்கள்.

“வாங்கிக்கிட்டியா?”

“நல்ல சேலைங்க. திருப்பிக் குடுக்க மனசு வரல.”

ஜனவரி 6, திங்கள்

செத்துப்போனதில் சில வசதிகள் உண்டு. இனி யாரும் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார்கள். மொய் வைக்கத் தேவையில்லை. ஆனாலும் காலையில் எழுந்து முப்பது ரொட்டி சுட வேண்டியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சாவு எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது.

நெய்னா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறான். கேப்டனிடமும் சொல்லிவிட்டான். கேப்டன் உக்ரைன்காரர், சிரிக்காதவர். இன்று என் தோளில் தட்டி, “செத்தவன் வைத்தாலும் சூப்பில் உப்பு சரியாக இருக்க வேண்டும்” என்றார்.

ஜனவரி 7, செவ்வாய்

செல்மா எங்களை உப்பளத்துக்குக் கூட்டிப்போனாள். தூத்துக்குடிக்காரனுக்கு உப்பளம் காட்டுகிறார்கள். எவ்வளவு வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. எல்லா டூரிஸ்டும் அங்கே போட்டோ எடுத்துக்கொள்வார்களாம்.

பாத்திகளில் தண்ணீர் ரோஸ் நிறத்தில் நிற்கிறது. அதற்கு அப்பால் வெள்ளையாக உப்பு மலை. அதற்கும் அப்பால் மஞ்சளாக மணல் மலை. எங்கள் ஊரில் உப்புக் குவியலுக்கு ஓலை வேய்ந்து மூடுவோம். இங்கே மழையே இல்லாததால் அப்படியே விட்டிருக்கிறார்கள். சாலையைக்கூட உப்பைப் போட்டு இறுக்கித்தான் அமைத்திருக்கிறார்கள். ஈரக் காலையில் வழுக்கும் என்று செல்மா சொல்லிக்கொண்டே வேகமாக ஓட்டினாள். வழியில் ஒரு நரி மாதிரி விலங்கு, முதுகில் கறுப்புப் போர்வை போர்த்தியது, காரைப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றது. குள்ளநரி என்றாள். எங்களுக்காக ஒதுங்குவது அதற்குக் கௌரவக் குறைச்சல் போலும்.

“உன் மனைவி உயிரோடு இருக்கிறாளா?” என்று செல்மா கேட்டாள். கப்பல்காரர்களிடம் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பாளாம்.

“அவள் இருக்கிறாள். நான்தான் இறந்துவிட்டேன்” என்று கதையைச் சொன்னேன். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் அது இன்னும் சோகமாக இருந்தது.

“எங்கள் ஊரிலும் புருஷன்மார் பாதிப் பேர் இறந்தவர்கள்தான். ஆனால் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார்கள்” என்றாள்.

உப்பு மலைக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டோம். அப்போதுதான் நெய்னா கேட்டான்.

“மாப்புளைக்கி என்னண்ணே கொறை? பேரு ஆன்றோன்னு சொன்னிய. ஒங்க ஊரு, ஒங்க வேதம். டேங்கர்ல தேர்டு இன்ஜினியரு. கை நெறையச் சம்பாத்தியம்.”

“அதான் கொறை.”

“எதுண்ணே?”

“கப்பல்காரன்.”

“அப்ப நாமள்லாம் யாரு?”

“அதனாலதாம்ல சொல்லுதேன்.”

மகளுக்கு அப்போதே சொல்லிவிட்டேன். தெருவில் கீரை விற்பவனைக் கட்டு, வருகிறேன். கப்பல்காரனைக் கட்டினால் நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். அவள் பிறந்தபோது நான் பிரேசிலில் இருந்தேன். கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்கியபோது சிங்கப்பூர். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று செங்கடலில் சிக்னல் இல்லை. நான் வீட்டுக்குப் போனால், சின்னவளாக இருக்கும்போது, வாசலில் பெட்டியை வைப்பதற்குள் ஓடிவந்து முதலில் கேட்பது “எத்தன நாளுப்பா?” என்பதுதான். பொம்மையை அப்புறம்தான் பார்ப்பாள். வளர்ந்தபிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்படி வளர்ந்த பெண்ணுக்கு மறுபடி கப்பல்காரன்தான் வேண்டுமாம். அவளுக்கு நான் கொடுத்த படிப்பெல்லாம் வீண்.

ஜனவரி 9, வியாழன்

ஏழாம் நம்பர் மணல்மேடு என்று ஒன்று இருக்கிறது. மணல்மேட்டுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள். அதில் ஏறுவது இங்கே பெரிய வேடிக்கை. இரண்டு அடி வைத்தால் ஒரு அடி கீழே இறங்குகிறது. மனிதன் இதைக் காசு கொடுத்துச் செய்கிறான். பாதியில் நான் உட்கார்ந்துவிட்டேன். கறுப்பு வண்டு ஒன்று என்னைத் தாண்டி மேலே போனது. நெய்னாவும் போனான். வண்டுதான் முதலில் போய்ச் சேர்ந்தது.

கடைசியில் நானும் ஏறினேன். கடல் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. இந்தப் பக்கம் மணல், மணல், அதற்குப் பிறகும் மணல். நடுவில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தீக்குச்சியளவு. இதில் எங்கேயும் மனிதனைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. நெய்னா உச்சியில் நின்று மனைவிக்கு வீடியோ கால் போட்டு, மணலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். அந்த அம்மாள் “தொப்பி போடுங்க மச்சான்” என்று மட்டும் சொன்னது.

நானும் வீட்டுக்குப் போன் போட்டேன். உபதேசியாரிடம் சொல்லி இரண்டாம் ஓலையிலாவது என்னை உயிர்ப்பிக்கும்படி ஜெசிந்தாவிடம் சொன்னேன். “ம்” என்றாள்.

ஜனவரி 12, ஞாயிறு

இரண்டாம் ஓலை. மறுபடியும் காலஞ்சென்ற பெர்க்மான்ஸ் மச்சாது.

மதியச் சாப்பாட்டுக்குச் சோற்றை வடித்துக்கொண்டே ஜெசிந்தாவைப் போனில் பிடித்துக் கத்தினேன். உபதேசியாரிடம் சொன்னாயா இல்லையா. அவள் போனை வினோலியாவிடம் கொடுத்துவிட்டாள். மகள் என்னோடு பேசிப் பல வாரமாகியிருந்தது.

“அம்மா சொன்னாவப்பா. உபதேசியாரு பதறிப்போயி, அடிச்சுத் திருத்தப் பேனாவ எடுத்துட்டாரு. நாந்தான் வேண்டாம்னேன்.”

“ஏம்ட்டி?”

“திருத்தணும்னா அந்த ஆளே வந்து திருத்தட்டும்.”

“கப்பல் ரிப்பேர்ல கெடக்கு. நான் என்ன பறந்தா வர முடியும்?”

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“பறந்துதான் வரணும். கம்பெனி டிக்கெட் போட்டுக் குடுத்ததையும் நீங்க வேண்டாம்னு சொன்னதையும் ஆன்றோ உங்க கம்பெனி ஆபீஸ்ல விசாரிச்சிட்டாரு. உங்க காண்ட்ராக்ட் போன மாசமே முடிஞ்சிட்டு. அம்மாட்ட நான் சொல்லல. நீங்க வராம இருக்கிறது எங்களுக்குப் புதுசு இல்லப்பா. வர முடியாமத்தான் வரலன்னு இத்தன நாளா நெனச்சிருந்தேன். அது மட்டுந்தான் புதுசு.”

வைத்துவிட்டாள்.

சோறு குழைந்துவிட்டது. பிலிப்பைன்ஸ் பையன்கள் இன்றுதான் அருமை என்றார்கள்.

மூன்றாம் தேதி கேப்டன் நீட்டிய காகிதம் பற்றி அன்று நான் விரிவாக எழுதவில்லை. அது விமான டிக்கெட்.

ஜனவரி 13, திங்கள்

ஜெர்மன்காரன் நேரம் தவறாதவன்தான். சாமான் வந்துவிட்டது. இரண்டு நாளில் மாட்டிவிடுவார்கள். வியாழக்கிழமை மாலை கப்பல் புறப்படுகிறது. பிரேசில் போய், அங்கிருந்து சீனா. நான்கு மாதம். சீஃப் இன்ஜினியர் கப்பல் முழுக்கச் சிரித்துக்கொண்டே நடக்கிறார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். காலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். சீஃப் இன்ஜினியர் அதில் மிளகாய் சாஸ் தெளித்துக்கொண்டார். உழவர் திருநாளில் நான் கண்ட அநியாயம்.

கப்பல் போகும் முன் ஒரு இடம் பாக்கி என்று செல்மா தகவல் அனுப்பியிருந்தாள். காயலைச் சுற்றிக்கொண்டு, உப்புச் சாலையைத் தாண்டி, கடலுக்குள் நீளும் ஒரு மணல் நாக்கு. நுனியில் கலங்கரை விளக்கம். அங்கே சீல் என்னும் கடல்நாய்கள். மணலே தெரியாதபடி படுத்துக் கிடக்கின்றன. வாடை பற்றி எழுத வேண்டாம்; நான் மீன் வெட்டிப் பிழைப்பவன், எனக்கே குமட்டியது. சத்தமோ, ஆயிரம் ஆடுகளை ஒரே லாரியில் ஏற்றியதுபோல. இதற்கு எவ்வளவு தொலைவிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன அழகு என்கிறார்கள்.

கிட்டே போகக் கூடாது என்று செல்மா எங்களைத் தள்ளி உட்கார வைத்தாள்.

நவம்பர், டிசம்பரில் குட்டி போடுமாம். தாய் மீன் பிடிக்கக் கடலுக்குள் போனால் நாள்கணக்கில் வராது. திரும்பி வந்ததும் கரையில் நின்று கத்துகிறது. அந்தப் பெரிய இரைச்சலுக்குள் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு குட்டி பதில் கத்துகிறது. தாய் மறுபடி கத்துகிறது. நடுவே கிடப்பவற்றை எல்லாம் மிதித்துக்கொண்டு இரண்டும் ஒன்றையொன்று தேடி வருகின்றன. தப்பான குட்டி பக்கத்தில் வந்தால் தாய் கடித்து விரட்டுகிறது. சரியான குட்டி வந்ததும் மோந்து பார்த்துவிட்டு, மல்லாந்து படுத்துப் பால் கொடுக்கிறது.

“எப்படித் தெரியும்?” என்றேன்.

“குரல்தான். பிறந்த உடனே பாடமாகிவிடும்” என்றாள் செல்மா.

“இதுல அப்பன் எதுங்க?” என்று நெய்னா கேட்கச் சொன்னான். கேட்டேன்.

“ஆண்கள் அவர்கள் வேலை முடிந்ததும் கடலுக்குப் போய்விட்டார்கள். குட்டிகளுக்கு அவர்களைத் தெரியாது.”

நெய்னா என்னைப் பார்த்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டி கூட்டத்திலிருந்து விலகி எங்கள் பக்கம் வந்தது. கறுப்பாக, மழையில் நனைந்த நாய்க்குட்டி மாதிரி. கத்திக்கொண்டே வந்தது. அசையாதீர்கள் என்றாள் செல்மா. அது நேராக என்னிடம் வந்து, என் பூட்ஸை மோந்து பார்த்தது. அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தது. இந்த ஆள் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போனது. போகும்போதும் கத்திக்கொண்டே போனது. அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, முதுகில் கறுப்புப் போர்வை போர்த்திய குள்ளநரி ஒன்று அவசரமில்லாமல் நடந்து போய்க்கொண்டிருந்தது.

“அதுக்கு ஆளு வருமா?” என்று தமிழிலேயே செல்மாவிடம் கேட்டுவிட்டேன். எப்படியோ அவளுக்குப் புரிந்தது.

“வந்தால் வரும்” என்றாள்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. மகளைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. என்னென்னவோ எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். மகளைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான்.

நாங்கள் கிளம்பும்வரை அந்தக் குட்டி கத்திக்கொண்டிருந்தது. தாய் வந்ததா என்று தெரியாது. செல்மாவை இன்னும் கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னேன். கடல் ஏறுகிறது, வண்டி மாட்டிக்கொள்ளும் என்றாள்.

ஜனவரி 15, புதன்

கேப்டன் அறைக்கு நானாகப் போனேன். யோசித்துவிட்டேன் என்றேன். பன்னிரண்டு நாளாகவா என்றார். சமைக்க ஆள் வேண்டுமே என்று கேட்பார் என்று பயந்தேன். என் இடத்துக்கு வேறு பண்டாரியைப் பிரேசிலில் ஏற்றிக்கொள்வார்களாம். அதுவரை நெய்னா சமைப்பானாம். நான் இல்லாவிட்டால் கப்பல் பட்டினி கிடக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கையெழுத்துப் போட அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நெய்னாவுக்குச் சாம்பார் சொல்லிக் கொடுத்தேன். எதற்கும் வினிகர் புட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. செத்தவன் போன் போட்டு வருகிறேன் என்று சொல்வது முறையில்லை.

ஜனவரி 16, வியாழன்

விமான நிலையம் பாலைவனத்துக்கு நடுவில். மூடுபனி. விமானம் இறங்க முடியாமல் தலைக்கு மேலே உறுமிவிட்டுப் போய்விட்டது. இத்தனை நாள் ஊருக்குள் கிடந்த சனியன் இன்று விமான நிலையம்வரை வந்திருக்கிறது. அடுத்ததில் ஏற்றிவிடுகிறோம் என்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க், மும்பை, மதுரை. சனிக்கிழமை போய்ச் சேர வேண்டியவன், ஞாயிறு காலை போய்ச் சேர்ந்தால் உண்டு. மூன்றாம் ஓலை எட்டு மணிப் பூசையில்.

செல்மா கொண்டுவந்து விட்டாள். கல்யாணப் பெண்ணுக்கு என் அன்பளிப்பு என்று ஒரு பொட்டலம் கொடுத்தாள். உள்ளே ஒரு கிலோ உப்பு. தூத்துக்குடிக்கு எடுத்துப்போக அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வாங்கிக்கொண்டேன்.

போவதாக எழுதிவிட்டதால் நான் மனம் மாறிவிட்டேன் என்று அர்த்தமில்லை. இரண்டு ஆட்சேபணை வைத்திருக்கிறேன். ஒன்று, நான் சாகவில்லை. இரண்டு, மாப்பிள்ளை கப்பல்காரன். இரண்டையும் சபையில் எழுந்து சொல்லப் போகிறேன். தடை அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். எனக்குக் கடமை தவறிப் பழக்கமில்லை.

ஜனவரி 19, ஞாயிறு. தூத்துக்குடி

மதுரையிலிருந்து கார் பிடித்து நேராகக் கோயிலுக்கு. பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது நற்கருணை கொடுத்து முடித்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர், “ஊருக்குப் புதுசா?” என்றார். ஆமாம் என்றேன்.

முன்னால் நான்காவது வரிசையில் ஜெசிந்தாவின் பின்தலை. சேலை புதிதாக இருந்தது. சங்கத்துச் சேலையாகத்தான் இருக்க வேண்டும். நல்ல சேலைதான். அவளுக்குப் பக்கத்தில் வினோலியா.

சாமியார் அறிவிப்பு வாசிக்க ஆரம்பித்தார். திங்கட்கிழமை அன்பியக் கூட்டம், செவ்வாய் நவநாள். பிறகு ஓலை. ஆன்றோவின் அப்பா பெயர், அம்மா பெயர். பிறகு, காலஞ்சென்ற பெர்க்மான்ஸ் மச்சாது. என் பெயரை ஒலிபெருக்கியில் கேட்பது இதுதான் முதல் தடவை. தடை ஏதும் அறிந்தவர்கள் என்று சாமியார் முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன்.

“ஆட்சேபணை இருக்கு சாமி.”

கோயில் முழுக்கத் திரும்பியது. பீடத்துக்குப் பக்கத்தில் நின்ற உபதேசியாரின் முகம் வெளுத்துவிட்டது. சாமியார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“நீங்க யாரு?”

“பெர்க்மான்ஸ் மச்சாது. பொண்ணோட அப்பன். காலஞ்செல்லல சாமி. கப்பலுக்குத்தான் போயிருந்தேன்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. சாமியார் சபையை அமைதியாக்கிவிட்டு, “வேற ஏதாவது ஆட்சேபணை இருக்கா?” என்று கேட்டார்.

ஆண்கள் பக்கம் ஒரு பையன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். ஆன்றோ. போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லி. கப்பல் சாப்பாடு. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வினோலியா மட்டும் திரும்பவே இல்லை. அவளுடைய தோள் அசையாமல் இருந்தது.

“வேற ஒண்ணும் இல்ல சாமி” என்று உட்கார்ந்துவிட்டேன்.

சாமியார் இந்த முறை என்னை உயிரோடு வாசித்தார். அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே வினோலியா எழுந்து நடுவழியாக நடந்து கடைசி பெஞ்சுக்கு வந்தாள். பக்கத்துப் பெரியவர் ஒதுங்கி இடம் விட்டார். என் காலடியில் இருந்த பெட்டியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்க்காமல், பீடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“எத்தன நாளுப்பா?”

“காலஞ்சென்றவனுக்கு ஏதுட்டி லீவுக் கணக்கு.”

இறுதி ஆசீர் முடிந்து எல்லோரும் வெளியே போன பிறகும் அவள் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.